மதம் தொழிலாளியை அடக்கியதா, எழுப்பியதா? 1800களின் பிரிட்டன்: விவாத இழை

தறிமேடை:

தொழிற்புரட்சிக் கால பிரிட்டனைப் பற்றித் தமிழில் எதை எடுத்துப் படித்தாலும் ஒரு பக்கம் நீராவி எஞ்சின், நூல் ஆலை, குழந்தைத் தொழிலாளர். இன்னொரு பக்கம் தொழிற்சங்கம், தொழிலாளிக்கு வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கம், அப்புறம் நேராக மார்க்ஸ். நடுவில், ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டுக்குப் போன தொழிலாளியைக் காணவே காணோம். அவரைப் பற்றிச் சொன்னாலும், பாதிரி பேச்சில் மயங்கியவர் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. கூட்டம் போட, சந்தா பிரிக்க, மேடையில் எழுந்து பேச, கணக்கு எழுத அந்த மக்கள் பழகிய இடம் ஜெபவீடுதான். தலைமையில் இருந்தவர்கள் விரும்பிக் கற்றுக்கொடுத்தார்கள் என்று சொல்லவில்லை, அது வேறு விஷயம்.

டோல்பட்டில் கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டார்செட் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். பக்கத்து ஊர்களில் வாரக்கூலி 10 ஷில்லிங், இங்கேயும் அதே கொடுப்பதாகப் பண்ணைக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் கொடுத்தது 9, அப்புறம் 8, அப்புறம் 7, இனி 6தான் என்று பேச்சு வந்தது. ஒப்புக்கொண்டபோது சாட்சியாக இருந்த ஊர்ப் பாதிரியார், தமக்கு எதுவும் தெரியாது என்று கைவிரித்துவிட்டார்; ஜார்ஜ் லவ்லெஸ் பின்னால் இதை வெளிப்படையாக எழுதியிருக்கிறார். இந்த லவ்லெஸ் யார்? கூலி உழவர், கூடவே ஜான் வெஸ்லி தொடங்கிய மெதடிஸ்ட் சபையின் உபதேசியார். வார நாளில் ஏர், ஞாயிறு பிரசங்கம். கூலிக்குறைப்பை எதிர்த்து இவர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அது தொடர்பாக 1834இல் தண்டிக்கப்பட்ட 6 பேரில் 5 பேர் மெதடிஸ்டுகள். சங்கத்தில் சேர வருகிறவர் கண்ணைக் கட்டி, முழங்காலில் நிற்கவைத்து, வேதாகமத்தின் மேல் சத்தியம் வாங்கி, கட்டை அவிழ்த்ததும் எதிரே எலும்புக்கூடு வரைந்த படத்தைக் காட்டுவார்கள், சாவை மறக்காதே, சொன்ன சொல்லை மீறாதே என்று. கடற்படைக் கலகத்துக்காக 1797இல் போட்ட சத்தியப்பிரமாணச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, இந்தச் சத்தியத்துக்காகத்தான் அவர்களை 7 வருடம் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். லண்டனில் ஏப்ரல் 21 அன்று பெரும் ஊர்வலம். மனுவில் 2 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து. ஊர்வலத்தின் முன்னால் பாதிரி அங்கியோடு வந்தவர் ஆர்தர் வேட் என்ற ஆங்கிலிக்கன் (அரசுத் திருச்சபை) குருவானவர். 1836இல் மன்னிப்புக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது சொல்லுங்கள், இங்கே மதம் எந்தப் பக்கம்?

செம்பருத்தி:

தறிமேடை, அதே கதையில் சாட்சி சொல்ல மறுத்த பாதிரியாரை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். அவரைப் போன்றவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

1819 ஆகஸ்ட் 16, மான்செஸ்டர், செயின்ட் பீட்டர்ஸ் திடல். சுமார் 60,000 பேர், குடும்பத்தோடு, ஞாயிற்றுக்கிழமை உடுப்பு உடுத்தி, வாக்குரிமை கேட்டு வந்து நிற்கிறார்கள். அவர்கள் நடுவே குதிரைப்படையை ஏவிய மாஜிஸ்ட்ரேட் குழுவில் இரண்டு பேர் பாதிரிகள், எதெல்ஸ்டனும் ஹேயும். கலகத் தடைச் சட்டத்தை வாசித்தவர் எதெல்ஸ்டன். குறைந்தது 15 பேர் செத்தார்கள், நூற்றுக்கணக்கானவர்களுக்கு வெட்டும் மிதியும். ஹேவுக்குக் கிடைத்தது தண்டனையா? வருமானம் கொழுத்த ராச்டேல் திருச்சபைப் பொறுப்பு.

அவர்கள் அரசுத் திருச்சபை, மெதடிஸ்டுகள் வேறு என்பீர்கள். வெஸ்லி 1791இல் இறந்தபிறகு அந்தச் சபையை இறுக்கிப் பிடித்த ஜேபஸ் பன்டிங்கைப் பாருங்கள். நாங்கள் அரசருக்கு விசுவாசமானவர்கள் என்று நிரூபிப்பதிலேயே அவர்கள் தலைமை குறியாக இருந்தது. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித் தரலாம், எழுதச் சொல்லித் தரக்கூடாது, அது ஓய்வுநாளை மீறுவது என்று ஒரு சட்டம் வேறு. ஆறு நாள் ஆலையில் நிற்கிற பிள்ளைக்கு எழுதிப் பழக வேறு எந்த நாள் இருக்கிறது? இது எனக்கு மன்னிக்கவே முடியாத விஷயம். எழுதத் தெரிந்தால் மனு எழுதுவான், கூலிக்கணக்கைச் சரிபார்ப்பான்.

இன்னொன்று. அந்தப் பிள்ளைகள் தலையில் நரகத்தையும் பாவத்தையும் ஏற்றிவைத்தார்கள். மேஸ்திரி கண்காணிக்காத நேரத்தில் கர்த்தர் கண்காணிக்கிறார் என்று ஒரு தலைமுறையே நேரம் தவறாமல் ஆலைக்கு வரப் பழக்கப்பட்டது. முதலாளிகள் ஜெபவீடு கட்டப் பணம் கொடுத்தது சும்மாவா?

பாளையங்கோட்டைக்காரி:

நான் சிஎஸ்ஐ குடும்பத்தில் வளர்ந்தவள், அதனால் இந்த விவாதம் எனக்கு வெறும் வரலாறு இல்லை. செம்பருத்தி அண்ணன் பன்டிங் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் பன்டிங்கோடு மெதடிசம் முடிந்துவிடவில்லை. சபை அவரை மீறிக்கொண்டே உடைந்தது.

1807 மே 31, மோ காப் என்ற குன்று. ஹியூ போர்ன் என்ற தச்சர், வில்லியம் க்ளோஸ் என்ற மண்பாண்டத் தொழிலாளி. நாள் முழுக்கத் திறந்தவெளியில் ஜெபக் கூட்டம் நடத்தினார்கள். இதெல்லாம் அமெரிக்காவுக்குச் சரி, இங்கிலாந்துக்கு ஆகாது என்று வெஸ்லியன் மாநாடு தடை போட்டது. இவர்கள் கேட்கவில்லை, வெளியே தள்ளப்பட்டார்கள், அதிலிருந்துதான் பிரிமிட்டிவ் மெதடிஸ்ட் சபை வந்தது. பெண்களும் பிரசங்கம் செய்தார்கள். சுரங்கத்துக்காரர்களும் விவசாயக் கூலிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் நிறைந்த சபை அது.

அந்தச் சபையில் வந்தவர்தான் டாமி ஹெப்பர்ன். வடகிழக்கு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 1831 வேலைநிறுத்தத்தை நடத்திச் சுரங்கத்துப் பையன்களின் வேலைநேரத்தை 12 மணியாகக் குறைக்க வைத்தார். 12 மணி நேரம் வெற்றியா என்று கேட்காதீர்கள், அதற்கு முன் அவர்கள் குளிர்காலத்தில் சூரியனையே பார்க்கமாட்டார்கள். அடுத்த வருடம் முதலாளிகள் சங்கத்தை உடைத்தார்கள். எந்தச் சுரங்கமும் வேலை தரவில்லை, தேயிலை விற்றுத் திரிந்தார், கடைசியில் இனிமேல் சங்கம் பேசமாட்டேன் என்ற நிபந்தனையில்தான் ஃபெல்லிங் சுரங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மனிதரை ஏமாந்தவர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது 1839 கோடைக்காலம். சார்ட்டிஸ்டுகளின் முதல் மனு, சுமார் 12.8 லட்சம் கையெழுத்து, நாடாளுமன்றம் தூக்கிப்போட்டுவிட்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூட்டமாக ஊர் தேவாலயத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். ஸ்டாக்போர்ட், பிளாக்பர்ன், நார்விச், லண்டன் செயின்ட் பால்ஸ் கதீட்ரல் வரை. அந்தக் காலத்தில் நல்ல இருக்கைகள் எல்லாம் வாடகை இருக்கைகள், பணக்காரக் குடும்பங்களுக்குச் சொந்தம், கதவு வைத்துப் பூட்டியிருக்கும். ஏழைக்கு ஓரத்து பெஞ்சு. இவர்கள் வேலை உடுப்போடு போய் அந்த இருக்கைகளை நிறைத்தார்கள். முன்கூட்டியே போதகருக்குச் சொல்லியும் அனுப்பினார்கள், இன்றைக்கு யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்திலிருந்து பிரசங்கம் பண்ணுங்கள் ஐயா என்று. ஐசுவரியவான்களே அலறி அழுங்கள், வயலை அறுத்தவனுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று வருகிற அதிகாரம். பிளாக்பர்ன் போதகர் அதையே எடுத்துப் பேசினார், ஆனால் அவர்களுக்கே புத்தி சொல்லி முடித்தார். வேறு சில இடங்களில் போதுமென்கிற மனது பற்றிப் பிரசங்கம் கிடைத்தது. எங்கள் ஊர்க் கோவிலில் அந்த அதிகாரத்தை வைத்து யாரும் பேசி நான் கேட்டதே இல்லை.

தறிமேடை:

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மெதடிஸ்ட் சபையின் உயிர் அந்தச் சின்ன வகுப்புக் கூட்டம். ஒரு டஜன் பேர், ஒரு தலைவர், வாரம் ஒரு பென்னி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினர் சீட்டு. 1818இல் ஹல் நகரத்து அரசியல் சங்கத்தார் இந்த முறையை அப்படியே எடுத்து, பிரார்த்தனைக்குப் பதில் வாக்குரிமைக் கட்டுரைகளை வாசித்தார்கள். 1840இல் மான்செஸ்டரில் தொடங்கிய சார்ட்டிஸ்டுகளின் தேசிய சாசனச் சங்கமும் வகுப்பு, வகுப்புத் தலைவர், பென்னி என்று அதே அச்சுதான். உபதேசியார்கள் எந்த ஞாயிறு எந்த ஊரில் பேசுவார்கள் என்று அட்டவணை போடுவார்களே, அதேபோல சார்ட்டிஸ்ட் பேச்சாளர்களுக்கும் அட்டவணை. ஆயிரக்கணக்கான தொழிலாளரிடம் காசு வாங்கி, கணக்குக் காட்டி, சீட்டுக் கொடுக்கிற அமைப்பு வேறு எங்கே இருந்தது? பீட்டர்லூவுக்கு, அதாவது செம்பருத்தி சொன்ன அந்த மான்செஸ்டர் திடலுக்கு, மக்களை அணிவகுத்துக் கூட்டிவந்த சாமுவேல் பாம்ஃபோர்டு, ஊர்க்கூட்டங்களில் வாசிக்கவும் எழுதவும் பேசவும் தெரிந்த ஆட்களை உருவாக்கியது ஞாயிறு பள்ளிகள்தான் என்று தானே எழுதியிருக்கிறார்.

புதுவரவு_திருப்பூர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் பள்ளியில் ராபர்ட் ஓவன் என்று ஒரு பெயர் மட்டும் படித்தேன், கூட்டுறவுத் தந்தை என்று ஒரு மார்க் கேள்வி. அவர் இந்தக் கதையில் எங்கே வருகிறார்? அவர் மதத்துக்கு ஆதரவா எதிர்ப்பா?

நூலகவாசி:

தம்பி, நல்ல இடத்தில் கேட்டீர்கள். ஓவன் 1771இல் வேல்ஸில் பிறந்தவர். ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றங்கரையில் நியூ லானார்க் நூல் ஆலையைக் கூட்டாளிகளோடு வாங்கி 1800இல் நிர்வாகத்துக்கு வந்தார். ஏறக்குறைய 2,000 பேர், அதில் 500 பேர் எடின்பரோ, கிளாஸ்கோ அநாதை இல்லங்களிலிருந்து வந்த பிள்ளைகள். மனிதனின் குணத்தை அவன் உருவாக்குவதில்லை, அவனைச் சுற்றியுள்ள நிலைமை உருவாக்குகிறது என்பதுதான் ஓவனின் முழு நம்பிக்கையும். சாதாரணமாகத் தெரியும், ஆனால் பிறவிப் பாவம் என்ற அடித்தளத்தையே அது பெயர்க்கிறது பாருங்கள்.

10 வயதுக்குக் கீழே வேலை இல்லை, அடி இல்லை. கடையில் நல்ல சரக்கு, அடக்க விலைக்குச் சற்று மேலே, அதில் வரும் லாபம் பள்ளிக்கு. அமெரிக்காவிலிருந்து பருத்தி வராமல் ஆலை நின்றபோது நாலு மாதம் முழுக் கூலி கொடுத்தார், 7,000 பவுண்டுக்கு மேல் செலவு. அதற்குப் பிறகுதான் ஜனங்கள் அவரை நம்பினார்கள். 1816 ஜனவரி 1 அன்று குணவார்ப்பு நிலையம் என்ற பள்ளியைத் திறந்தார். நடக்கத் தெரிந்த குழந்தையிலிருந்து சேர்க்கை, படம், பாட்டு, நடனம், ஆற்றங்கரை உலா.

அடிக்குப் பதில் அவர் வைத்தது மௌனக் கண்காணி என்ற ஒரு சின்ன மரக்கட்டை. நாலு பக்கம், நாலு நிறம். ஒவ்வொரு தொழிலாளி பக்கத்திலும் தொங்கும். நேற்று மோசமாக வேலை செய்திருந்தால் கறுப்புப் பக்கம் முன்னால், சுமார் என்றால் நீலம், நன்று என்றால் மஞ்சள், மிக நன்று என்றால் வெள்ளை. தினமும் பேரேட்டில் பதிவு. மேற்பார்வையாளர் போட்ட நிறம் தவறு என்று தோன்றினால் ஓவனிடமே நேரில் முறையிடலாம்.

1817 ஆகஸ்டில் லண்டனில் ஒரு பெரிய பொதுக்கூட்டம். வேலையில்லாதவர்களுக்குக் கூட்டுறவுக் கிராமங்கள் அமைக்கும் தம் திட்டத்துக்குப் பிரபுக்கள், பத்திரிகைகள், அமைச்சர்கள் ஆதரவு கூடிவந்த நேரம். அந்த மேடையில் எழுந்து, உலகத்தில் உள்ள மதங்கள் அனைத்தும் அடிப்படைப் பிழையின் மேல் நிற்கின்றன என்று அறிவித்தார். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. ஆதரவு சரிந்தது. நியூ லானார்க்கிலேயே குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த கூட்டாளி வில்லியம் ஆலன் பள்ளியில் நடனத்தையும் பாட்டையும் குறைத்து வேதாகமத்தைக் கூட்டச் சொல்லி நெருக்கினார். 1820களில் ஓவன் அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்ற தம் கூட்டுவாழ்க்கைக் குடியிருப்புக்குப் போய்விட்டார்.

ஆனால் வேடிக்கையான ஓர் உண்மை, அவருடைய சீடர்களே பின்னால் தங்களுக்குப் பகுத்தறிவு மதத்தார் என்றுதான் பெயர் வைத்தார்கள். ஞாயிறு சொற்பொழிவு, சமூகப் பாடல்கள், ஊர் ஊராகப் போகச் சமூக மிஷனரிகள், அறிவியல் மன்றக் கட்டடங்கள். சபையின் வடிவம் அவர்கள் கைக்கு அவ்வளவு இயல்பாக வந்தது.

செம்பருத்தி:

நூலகவாசி, ஓவன்மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அந்த மரக்கட்டையைத் திருப்புகிற அதிகாரம் யார் கையில்? தொழிலாளி கையில் இல்லை. நியூ லானார்க்கில் யாரும் ஓட்டுப் போட்டு எதையும் முடிவு செய்யவில்லை. ஓவனுக்கு வாக்குரிமைப் போராட்டத்தில் பெரிய ஈடுபாடும் இருந்ததில்லை. அப்புறம் அந்த ஆலையில் நூற்ற பருத்தி எங்கிருந்து வந்தது? அடிமைகள் பறித்தது. கிளைடு கரையில் பிள்ளைகள் நடனம் கற்ற பள்ளிக்கும் அந்தப் பருத்தி லாபம்தான்.

இந்தக் கேள்வியை அந்தக் காலத்திலேயே நேருக்கு நேர் கேட்ட ஒருவரைச் சொல்கிறேன், நம் ஆட்கள் யாரும் பேசாதவர். ராபர்ட் வெடர்பர்ன். 1762இல் ஜமைக்காவில் பிறந்தார், தாய் ரோசன்னா அடிமைப் பெண், தகப்பன் ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி. லண்டனுக்கு வந்து தையல் வேலை. மெதடிஸ்டாக மனம் மாறி, பின்னால் தாமஸ் ஸ்பென்ஸைச் சந்தித்து நிலம் அனைவருக்கும் பொது என்ற கொள்கைக்கு வந்தார். 1819இல் சோஹோவில் ஹாப்கின்ஸ் தெருவில் ஒரு பரணை வாடகைக்கு எடுத்து, அரசுத் திருச்சபையில் சேராத மாற்றுச்சபை ஜெபவீடு என்று உரிமம் வாங்கிக்கொண்டு அரசியல் பேசினார். எஜமானைக் கொல்ல அடிமைக்கு உரிமை உண்டா என்பது ஒரு நாள் விவாதத் தலைப்பு. அரசாங்க ஒற்றன் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தான். தேவதூஷண வழக்கில் டார்செஸ்டர் சிறையில் 2 வருடம். ஜெபவீட்டு உரிமத்தை இப்படிப் பயன்படுத்திய ஒருவரை நான் ஏற்றுக்கொள்கிறேன், தறிமேடை. அது பன்டிங்கின் மதம் இல்லை.

மின்மினி:

இவ்வளவு நேரமும் ஆண்கள் பெயராகவே வருகிறது, அதனால் குறுக்கே வருகிறேன்.

டெவனில் வீட்டு வேலை செய்த ஜோவன்னா சவுத்காட் 1792 முதல் தமக்குத் தெய்வவாக்கு வருகிறது என்றார். முத்திரையிட்ட காகிதம் கொடுத்து ஆயிரக்கணக்கானோரைத் தம் பக்கம் சேர்த்தார், அதில் பெரும்பங்கு பெண்கள், வேலைக்காரிகள், கைவினைஞர்கள். 1814இல், 64 வயதில், மீட்பரைக் கருவுற்றிருக்கிறேன் என்று அறிவித்தார். தொட்டிலும் துணியும் வந்து குவிந்தன. டிசம்பரில் இறந்துபோனார், பிரேதப் பரிசோதனையில் கரு இல்லை. எல்லாரும் இதைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அப்படி ஒதுக்க மனம் வரவில்லை. உலகம் ஏவாளால் கெட்டது என்று காலமெல்லாம் கேட்ட பெண்களிடம், மீட்பும் ஒரு பெண் வழியாகவே வரும் என்று ஒரு வேலைக்காரி சொன்னாள். அந்த வார்த்தைக்கு அவர்கள் எவ்வளவு காத்திருந்திருப்பார்கள்! இதே கூட்டத்திலிருந்து வந்த ஜேம்ஸ் ஸ்மித் 1833-34இல் ஓவனின் பத்திரிகைக்கு ஆசிரியரானார் என்பதையும் பாருங்கள்.

எதிர்முனையில் சூசன்னா ரைட், நாட்டிங்காம் லேஸ் தொழிலாளி. லண்டன் புத்தகக் கடைக்காரர் ரிச்சர்ட் கார்லைல், தாமஸ் பெய்னின் மத விமர்சன நூலை விற்றதற்காக 1819 முதல் 1825 வரை சிறையில் இருந்தார். அவர் கடையில் நின்று விற்றவர்களை ஒருவர் பின் ஒருவராகப் பிடித்தார்கள், அவர் மனைவி ஜேனும் சகோதரியும்கூடச் சிறை போனார்கள். விற்கிறவர் முகம் ஒற்றனுக்குத் தெரியக்கூடாது என்று கடையில் ஒரு தடுப்பு, அதில் கடிகார முகம் போல ஒரு வட்டத் தட்டு: வேண்டிய புத்தகத்தின் பெயருக்கு நேராக முள்ளைத் திருப்பிக் காசைப் போட்டால் புத்தகம் கீழே விழும், யார் கொடுத்தது என்று சாட்சி சொல்ல முடியாது. அப்படியும் பிடிபட்ட சூசன்னா 1822இல் கைக்குழந்தையோடு நீதிமன்றத்தில் நின்று தானே வாதாடினார். நீதிபதி பேச்சை நிறுத்தச் சொன்னார், அவர் நிறுத்தவில்லை.

அப்புறம் எம்மா மார்ட்டின். பிரிஸ்டல் பாப்டிஸ்ட் பெண், தீவிர விசுவாசி. 1839இல் ஓவனியப் பேச்சாளர் ஒருவரைக் கேட்டதில் தொடங்கிய மாற்றம், கணவரை விட்டு மூன்று பெண் குழந்தைகளோடு வெளியேறி, ஊர் ஊராகப் போய்ப் போதகர்களோடு மேடையேறி விவாதிக்கிற அளவுக்குக் கொண்டுபோனது. திருமணம் பெண்ணின் சொத்தையும் குழந்தையையும் உடலையும் கணவனுக்கு எழுதிக் கொடுக்கிறது, அதற்கு வேதம் முத்திரை குத்துகிறது என்று பேசினார். பின்னால் மருத்துவச்சியாகப் பயிற்சி பெற்று அந்த வேலையில் வாழ்ந்தார். 1851இல் காசநோயில் இறந்தபோது 39 வயது. மதம் எழுப்பியதா அடக்கியதா என்று கேட்கிறீர்கள், இவரைக் கேட்டால் இரண்டும் என் வாழ்க்கையிலேயே நடந்தது என்றுதான் சொல்லியிருப்பார்.

நூலகவாசி:

மின்மினி சொன்ன கதை சென்னை வரைக்கும் நீள்கிறது. கார்லைலின் துணைவி எலிசா ஷார்ப்பிள்ஸ், போல்டன் ஊர் பக்திமிக்க ஆலைக் குடும்பத்துப் பெண், 1832இல் லண்டன் ரொட்டண்டா அரங்கில் மேடையேறி மத எதிர்ப்புச் சொற்பொழிவு நடத்தியவர். கார்லைல் இறந்தபிறகு வறுமையில் ஒரு காபி கடையும் விவாத அறையும் நடத்தினார். நம்பிக்கை இழந்ததற்காக வீட்டைவிட்டு வெளியேறிய ஒரு பதின்வயதுப் பையனுக்கு 1849 வாக்கில் அங்கே தங்க இடம் கொடுத்தார். அந்தப் பையன் சார்ல்ஸ் பிராட்லா. பிராட்லா 1866இல் தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தைத் தொடங்கினார். அதோடு தொடர்பு வைத்திருந்த சென்னைச் சுயசிந்தனையாளர்கள்தான் 1882 முதல் 1888 வரை தத்துவவிவேசினி இதழை நடத்தியவர்கள்.

புதுவரவு_திருப்பூர்:

அப்போ கூட்டுறவு? மார்க் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே.

தறிமேடை:

தம்பி, 1844 டிசம்பர் 21, ராச்டேல், டோட் லேன். செம்பருத்தி சொன்னாரே, ஹேவுக்குப் பரிசாகக் கிடைத்த ஊர், அதே ஊர்தான். கூலி உயர்வு கேட்டுத் தோற்ற ஃபிளானல் நெசவாளர்கள், ஓவனியர்கள், சார்ட்டிஸ்டுகள், மற்ற தொழிலாளர்கள், மொத்தம் 28 பேர். வாரம் 2 பென்ஸ், 3 பென்ஸ் என்று சேர்த்த 28 பவுண்டு முதல். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி, அவ்வளவுதான் சரக்கு. மாலையில் ஜன்னல் பலகையைத் திறந்தபோது தெருவில் கூடி நின்ற ஆலைப் பையன்கள் கேலி செய்தார்கள்.

விதிகள்தான் முக்கியம். கலப்படம் இல்லாத சரக்கு, சரியான எடை, ரொக்கம் மட்டும், கடன் கிடையாது. லாபம் பங்குக்குத் தகுந்தபடி இல்லை, வாங்கிய அளவுக்குத் தகுந்தபடி திரும்பும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டு, பெண்ணும் உறுப்பினராகலாம். மதத்திலும் அரசியலிலும் சங்கம் பக்கம் சாயாது. இந்தக் கடைசி விதியைத்தான் நான் இந்த இழைக்கு முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் நாத்திகரும் ஜெபவீட்டுக்காரரும் ஒரே கல்லாவில் காசு போட வேண்டியிருந்தது. செம்பருத்தி, ஓவன் கையில் இருந்த கடையை இங்கே தொழிலாளிகளே நடத்தினார்கள், உங்கள் கேள்விக்கு அவர்கள் கொடுத்த பதில் இது. 1904இல் தொடங்கிய திருவல்லிக்கேணிக் கூட்டுறவுச் சங்கமும் ராச்டேலைப் பார்த்து நடந்ததுதான்.

செம்பருத்தி:

கடை சரி. ஆனால் ராச்டேல்காரர்களுக்கு ஓட்டுரிமை கிடைத்ததா? 1842 மனுவில் 33 லட்சம் கையெழுத்து, அதையும் தூக்கி எறிந்தார்கள், அந்தக் கோடையில் லங்காஷையர் ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. அதைப் பேசாமல் மாவுக்கும் வெண்ணெய்க்கும் வந்துவிட முடியாது. 1842 வேலைநிறுத்தத்துக்குத் தனி இழை திறக்கிறேன். பாளையங்கோட்டை அக்கா, அந்த வருடம் ஜெபவீடுகள் யார் பக்கம் நின்றன என்பதை நீங்கள் அங்கே எழுதுங்கள், நான் எதிர்வாதத்தோடு வருகிறேன்.